12 வோல்ட்டுக்கு எந்த ஒயர்? டிரைலர் விளக்கும் பேட்டரி சார்ஜும்: எக்செல்லில் ஓர் எளிய கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்கு அடுத்ததாக வந்து சேர்வது இன்வெர்ட்டர். அதோடு ஒரு பெரிய பேட்டரியும் வருகிறது. மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்திருப்பவர்கள் உண்டு. டிராக்டர், கார் பேட்டரியிலிருந்து லேப்டாப்பைச் சார்ஜ் செய்பவர்களும் உண்டு. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது 12 வோல்ட் மின்சாரம்.

"12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது. மெல்லிய ஒயரே போதும்" என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. வோல்ட் குறையக் குறைய ஒயர் தடிக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் விளக்கு மங்குவது, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போவது, இன்வெர்ட்டர் பாதியில் கத்துவது ஆகிய மூன்றுக்கும் காரணம் புரிந்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த உதாரணம் டிராக்டரின் டிரைலர். நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு லாரியும் டிரைலரும் புதிதல்ல. லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். அந்த மாவட்டத்தின் கொல்லிமலையில், அரியூர் நாட்டில் ஓடும் ஒரு டிரைலரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கைப் போடப்போவது உங்கள் கம்ப்யூட்டர்தான்.

முதலில் வாட், வோல்ட், ஆம்பியர்

ஒயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு ஆம்பியர். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

400 வாட் சுமையை 230 வோல்ட்டில் இயக்கினால் 400 ÷ 230 = 1.74 ஆம்பியர். அதே 400 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 400 ÷ 12 = 33.3 ஆம்பியர். அதாவது சுமார் 19 மடங்கு அதிகம்.

ஒயருக்கு வோல்ட்டைப் பற்றிக் கவலையில்லை. அதைச் சூடாக்குவது ஆம்பியர். மேலும், ஒயரில் வெப்பமாக வீணாகும் சக்தி ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 19 மடங்கு ஆம்பியர் என்றால், அதே ஒயரில் 360 மடங்குக்கு மேல் வீணாகிறது. வீட்டு ஒயரிங்கில் பார்த்துப் பழகிய கண்ணால் பேட்டரி ஒயரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

டிரைலரில் என்ன நடக்கிறது?

அரியூர் நாட்டில் மரவள்ளியும் மிளகும் பயிரிடும் நண்பர் ஒருவரின் டிரைலரை மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தேன். பிரேக்கை மிதித்தால் பின் விளக்குகள் மங்கின. இண்டிகேட்டர் போட்டால் அதனுடன் சேர்ந்து மற்ற விளக்குகளும் துடித்தன. பேட்டரியில் 12.3 வோல்ட் இருந்தது. பிரேக் லைட் பல்பின் முனையில் 10.2 வோல்ட்தான் இருந்தது. பல்பு புதியது, பேட்டரியும் நன்றாக இருந்தது. மீதி 2.1 வோல்ட்டை வழியிலேயே ஒயர் விழுங்கிக்கொண்டிருந்தது.

மழைச் சாரலும் மூடுபனியும் அடிக்கடி சூழும் மலை அது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வரும் சாலையில் மட்டும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முன்னால் போகும் டிரைலர் பிரேக் போட்டது பின்னால் வருபவருக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது.

இப்போது சுமையைக் கணக்கிடுவோம். வழக்கமான 12 வோல்ட் டிரைலரில் இருப்பவை:

- பின் விளக்கு 5 வாட் வீதம் இரண்டு, நம்பர் பிளேட் விளக்கு 5 வாட்: மொத்தம் 15 வாட்
- பிரேக் லைட் 21 வாட் வீதம் இரண்டு: 42 வாட்
- ஒரு பக்க இண்டிகேட்டர்: 21 வாட்

எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால் 78 வாட். 12ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். பிரேக் லைட் ஒயரில் மட்டும் ஓடுவது 3.5 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிரைலரின் வால் வரை ஒயரின் நீளம் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதில் போட்டிருந்தது '23/36' என்று கடைகளில் சொல்லும் மெல்லிய ஒயர். அதன் செம்பின் குறுக்குப் பரப்பு சுமார் 0.67 சதுர மில்லிமீட்டர்.

எக்செல்லில் கணக்கு

எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் கால்க் பயன்படுத்தலாம். இரண்டிலும் செய்முறை ஒன்றுதான். இங்கே ஏ, பி, சி, டி, ஈ என்று தமிழில் அச்சிட்டிருக்கும் கட்டப் பெயர்களை நீங்கள் கீபோர்டில் ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்யுங்கள்.

1. முதல் வரியில் தலைப்புகளை இடுங்கள். ஏ1இல் ஒயரின் பெயர், பி1இல் ஆம்பியர், சி1இல் மீட்டர், டி1இல் சதுர மி.மீ., ஈ1இல் இழப்பு.

2. இரண்டாம் வரியில் பிரேக் ஒயர்: பி2இல் 3.5, சி2இல் 8, டி2இல் 0.67.

3. மூன்றாம் வரியில் எர்த் ஒயர்: பி3இல் 6.5, சி3இல் 8, டி3இல் 0.67.

4. ஈ2 கட்டத்தில் கர்சரை வைத்து இந்தச் சூத்திரத்தை டைப் செய்து எண்டர் தட்டுங்கள்: =0.0175*பி2*சி2/டி2

5. மீண்டும் ஈ2 கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். அதன் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். மவுசால் அதைப் பிடித்து ஒரு கட்டம் கீழே இழுத்து விடுங்கள். சூத்திரம் ஈ3க்கும் காப்பியாகி, 2 என்பவை எல்லாம் தானாகவே 3 என்று மாறிவிடும்.

6. ஈ4இல் மொத்த இழப்பு: =ஈ2+ஈ3

7. ஈ5இல் பல்புக்குக் கிடைக்கும் வோல்ட்: =12-ஈ4

8. ஈ6இல் வெளிச்சம் நூற்றுக்கு எவ்வளவு: =(ஈ5/12)^3.4*100

0.0175 என்பது ஒரு மீட்டர் நீளமும் ஒரு சதுர மி.மீ. பரப்பும் கொண்ட செம்பு ஒயரின் மின்தடை, ஓம் கணக்கில். நீளம் கூடினால் இழப்பு கூடும்; பரப்பு கூடினால் குறையும். கடைசிச் சூத்திரத்தில் உள்ள 3.4 எதற்கு? இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு ஏற்ப நேராகக் குறைவதில்லை. வோல்ட் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் சரிந்துவிடும். அந்தச் சரிவைத் தோராயமாகக் காட்டும் அடுக்கு 3.4. கூரைக் குறியான ^ வேண்டுமென்றால் ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு 6ஐ அழுத்துங்கள்.

இப்போது திரையைப் பாருங்கள். மொத்த இழப்பு 2.09 வோல்ட். பல்புக்குக் கிடைப்பது 9.91 வோல்ட். வெளிச்சம் நூற்றுக்கு 52. அதாவது 21 வாட் பல்பை மாட்டிவிட்டுப் பாதி வெளிச்சத்தைத்தான் பெறுகிறோம்.

இனி டி2இல் 1.5 என்றும், டி3இல் 2.5 என்றும் மாற்றுங்கள். இழப்பு 0.69 வோல்ட்டாகக் குறைந்து, வெளிச்சம் 82க்கு ஏறிவிடும். எண்ணை மாற்றியதுமே விடை மாறுவதுதான் எக்செல்லின் வசதி. கடைக்குப் போகுமுன் நான்கைந்து அளவுகளைப் போட்டுப் பார்த்து, விலைக்கும் வெளிச்சத்துக்கும் பொருத்தமானதை முடிவு செய்யலாம்.

எர்த்தை மறக்காதீர்கள்

மேலே உள்ள கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? பிரேக் ஒயரில் இழந்தது 0.73 வோல்ட், எர்த் ஒயரில் இழந்தது 1.36 வோல்ட். எல்லா விளக்குகளின் மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பி வரும் ஒரே வழி எர்த். ஆகவே டிரைலரிலேயே தடிமனான ஒயர் எர்த் ஒயராக இருக்க வேண்டும். நடைமுறையில் பலர் எர்த்துக்கு ஒயரே போடுவதில்லை. டிராக்டரையும் டிரைலரையும் இணைக்கும் கொக்கியின் இரும்பு வழியாகவே மின்சாரம் திரும்பட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கொக்கியில் துருவும் கிரீஸும் சேறும் சேர்ந்ததும் விளக்குகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துடிக்கத் தொடங்கும். இண்டிகேட்டரோடு மற்ற விளக்குகளும் துடித்தால் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு.

12 வோல்ட் டிரைலருக்கான ஐ.எஸ்.ஓ. 1724 என்ற உலகத் தரத்தின்படி, ஏழு பின் சாக்கெட்டில் எர்த் 3ஆம் பின், நிறம் வெள்ளை. லாரிகளின் 24 வோல்ட் சாக்கெட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 1185 தரத்தில் எர்த் 1ஆம் பின். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பழைய வண்டியாக இருந்தால் நிறத்தை நம்பாமல் மீட்டரால் சோதித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி சார்ஜுக்கு இன்னும் தடிமன்

ஆடி மாதத்தில் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழா போன்ற விழாக்களுக்கு மைக் செட்டையும் அதற்கொரு பேட்டரியையும் டிரைலரில் ஏற்றிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். போகும் வழியிலேயே டிராக்டரிலிருந்து அந்தப் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா? செய்யலாம். ஆனால் விளக்குக்குப் போட்ட ஒயர் இதற்கு உதவாது.

எஞ்சின் ஓடும்போது டிராக்டரில் 14.2 வோல்ட் இருக்கிறது. 10 ஆம்பியரில் சார்ஜ் செய்ய வேண்டும். நீளம் அதே 8 மீட்டர். எக்செல்லில் இரண்டு வரிகளிலும் 10, 8, 1.5 என்று போடுங்கள். ஈ5இல் 12க்குப் பதில் 14.2 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பல்புக்கான ஈ6 இங்கே தேவையில்லை. இழப்பு 1.87 வோல்ட், பேட்டரிக்குக் கிடைப்பது 12.3 வோல்ட். நன்றாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியிலேயே 12.7 வோல்ட் இருக்கும். ஆகவே அந்த ஒயர் வழியாக 10 ஆம்பியர் ஓடவே ஓடாது; சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். ஆம்பியர் குறையும்போது இழப்பும் குறைவதால், நாள் முழுக்க எஞ்சின் ஓடினால் பேட்டரி ஓரளவு நிரம்பலாம். சோளக்காடு சந்தைக்குப் போய்வரும் நேரத்தில் நிரம்பாது. அரைகுறையாகவே சார்ஜ் ஆகும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அதன் ஆயுளும் குறைந்துவிடும்.

அதே கணக்கில் 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.47 வோல்ட், 10 போட்டால் 0.28 வோல்ட். இந்த வேலைக்கு இவைதான் பொருத்தமானவை. ஏழு பின் சாக்கெட் வழியாக இதைக் கொண்டுபோகாமல், தனியாகக் கனமான இரண்டு பின் இணைப்பைப் பயன்படுத்துங்கள். எஞ்சின் நின்றதும் இரண்டு பேட்டரிகளையும் பிரித்துவிட ஒரு ரிலே வேண்டும். இல்லையென்றால் மைக் செட் டிராக்டர் பேட்டரியையும் சேர்த்துக் காலி செய்துவிடும். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

சோலார் பேனலுக்கும் இதே விதிதான். 100 வாட் பேனல் சுமார் 6 ஆம்பியர் தரும். மாடியிலிருந்து 10 மீட்டருக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால், போக ஒன்று வர ஒன்று என இரண்டிலும் சேர்த்து 2.1 வோல்ட் போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். சார்ஜ் கன்ட்ரோலரைப் பேனலின் அருகில் வைக்காமல் பேட்டரியின் அருகில் வையுங்கள். பேட்டரியின் சரியான வோல்ட் அப்போதுதான் அதற்குத் தெரியும்.

உங்கள் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரும்

இப்போது வீட்டுக்குள் வருவோம். கம்ப்யூட்டர், டிவி, இரண்டு மின்விசிறிகள், விளக்குகள் எல்லாம் சேர்ந்து 400 வாட். இன்வெர்ட்டரின் உள்ளேயும் கொஞ்சம் வீணாவதால் பேட்டரியிலிருந்து சுமார் 39 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியை வராண்டாவிலும் இன்வெர்ட்டரை ஹாலிலும் வைத்து, இடையே 5 மீட்டருக்கு 4 சதுர மி.மீ. ஒயர் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஒயரிங்கில் 4 என்பது தடிமனான ஒயர்தானே என்று தோன்றும். எக்செல்லில் போட்டுப் பாருங்கள்: இழப்பு 1.7 வோல்ட்.

பேட்டரியில் பாதிச் சார்ஜ் மீதமிருந்து 12.2 வோல்ட் இருக்கும்போது, இன்வெர்ட்டருக்குத் தெரிவது 10.5 வோல்ட். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அது கத்தும், பிறகு நின்றுவிடும். நீங்கள் டைப் செய்துகொண்டிருந்த கோப்பும் அத்தோடு போகும். பழி பேட்டரியின் மேல் விழும். புதிய பேட்டரி வாங்கினாலும் கோளாறு தீராது. அது மட்டுமல்ல, 39 ஆம்பியரில் 1.7 வோல்ட் இழப்பு என்றால் ஒயரில் 66 வாட் வெப்பம் உருவாகிறது. அந்த ஒயர் அதைத் தாங்காது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பல்புக்கு வோல்ட் குறைந்தால் அது எடுக்கும் ஆம்பியரும் குறையும். இன்வெர்ட்டர் அப்படியல்ல. வோல்ட் குறைந்தால், அதே 400 வாட்டைக் கொடுப்பதற்காக அது இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும்.

தீர்வு எளிது. 12 வோல்ட் பக்கத்தைக் குட்டையாக வையுங்கள். 230 வோல்ட் பக்கத்தை நீட்டுங்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றரை மீட்டருக்குள், 16 சதுர மி.மீ. ஒயரில் இருந்தால் இழப்பு 0.13 வோல்ட் மட்டுமே. இன்வெர்ட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை நீளும் 230 வோல்ட் ஒயரில் இழப்பு ஒரு பொருட்டே அல்ல. பேட்டரி இருக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

கடையில் கேட்க வேண்டியவை

- "ஒன்றரை ஸ்கொயர், இரண்டரை ஸ்கொயர்" என்று பரப்பளவைச் சொல்லிக் கேளுங்கள். 23/36, 40/36 என்ற பழைய முறையில் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் இழையின் கேஜ். கேஜ் எண் பெரிதானால் இழை மெல்லியது. 40/36 என்பது சுமார் 1.17 சதுர மி.மீ.
- மேலே உள்ள பிளாஸ்டிக்கின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருக்கும் செம்புதான் கணக்கு.
- இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல் சுமார் 1.6 மடங்கு, நம் கணக்கு அதற்குப் பொருந்தாது.
- ஓடும் வண்டிக்கு ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். அதிர்வில் உள்ளுக்குள் ஒடிந்துவிடும். பல இழை ஒயரே நல்லது. மோட்டார் வாகன ஒயருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2465, வீட்டு ஒயருக்கு ஐ.எஸ். 694.
- கொக்கி அருகே ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது அது இழுபடக் கூடாது.
- எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த ஆம்பியரே எடுக்கும். ஒயர் இழப்பும் மிகக் குறைவு. ஆனாலும் உறுதிக்காக 1 சதுர மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். பழைய ஃபிளாஷர் இருந்தால், எல்.இ.டி. மாட்டியபின் இண்டிகேட்டர் மிக வேகமாக அடிக்கலாம். ஃபிளாஷரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஃபியூஸ் ஒயருக்காகவே

12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் தீ வைக்கும். ஒயர் உரசி, தோல் கிழிந்து, இரும்பில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். சில நொடிகளில் ஒயர் பழுத்துவிடும். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. ஆகவே அதன் இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில். டிரைலரிலும் ஒரு பேட்டரி இருந்தால் சார்ஜ் ஒயரின் இரண்டு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும். இருபுறமும் மின்சாரம் இருக்கிறதல்லவா?

பத்திரமான அளவுகள்: 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 10 ஆம்பியர் (சிவப்பு பிளேடு ஃபியூஸ்), 2.5க்கு 15 (நீலம்), 4க்கு 20 (மஞ்சள்), 6க்கு 30 (பச்சை). அடிக்கடி ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

மீட்டரால் சரிபார்க்க

வேலை முடிந்ததும் விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் அந்த வழியின் இழப்பு. அடுத்து பேட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் இடையே பாருங்கள். எக்செல் சொன்னதைவிட மீட்டர் அதிகமாகக் காட்டினால் ஏதோ ஓர் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில், லக் வைத்து அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். மூடுபனி ஈரம் உள்ளே போகாது.

எக்செல் கோப்பை ஒரு பெயரில் சேவ் செய்து வையுங்கள். கடைக்குப் போகுமுன் ஆம்பியர், நீளம், பரப்பு ஆகிய மூன்று எண்களை மாற்றினால் போதும். விளக்கு என்றால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள், பேட்டரி சார்ஜ் என்றால் அரை வோல்ட்டுக்குள், இன்வெர்ட்டர் என்றால் கால் வோல்ட்டுக்குள் வரும்வரை பரப்பைக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்த அளவில் விடை சரியாக வருகிறதோ, நீங்கள் வாங்க வேண்டிய ஒயர் அதுதான்.